அராபா கோட்டைக்குள் போன நாள்

அந்தக் காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்துக் கப்பலேற்றிய எல்மினாக் கோட்டை மதிலின் நிழலில்தான் அராபா புகைபோட்ட மீன் விற்று வந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த ஊரில்தான் என்றாலும் கோட்டை வாசலை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை. அப்படிப் போனவர்களின் வம்சத்தார் கடல் கடந்து வந்து உள்ளே போவார்கள், அழுது சிவந்த கண்ணோடு திரும்புவார்கள். அவள் வீட்டார் போகாததற்குத் தனிக் காரணம் இருந்தது. அவர்களுடைய தாய்வழி மூதாதை குவாமினா, வெள்ளைக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த தரகன். குடியிருந்த கல்வீடே அந்தத் தரகில் எழுந்ததுதான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் ஜமைக்காக்காரி ஒருத்தி கால் தள்ளாட வெளியே வந்து அராபாவின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அராபா தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க ஆளுங்கள இங்க கொண்டாந்து விட்டது யாரும்மா?"

அராபா மீனை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். வந்தவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் குடும்பத் தலைவரான அண்ணன் எபோவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, நான் உள்ள போய் மன்னிப்புக் கேக்கப்போறேன்."

"புத்தி கெட்டுப்போச்சா? செத்தவன நடுத்தெருவுல நிறுத்துவியா? நாளைக்கு நம்ம வீட்ல யாரு சம்பந்தம் வச்சுக்குவா?"

"அப்ப நீங்க வந்து கேளுங்க. தலைவர் நீங்கதானே."

"போனா இந்தப் படிய மிதிக்காத!"

"சரிண்ணே" என்றவள், துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்காரி மான்சாவின் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை இருவரும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள்.

"என்னடி, உள்ள போய் மீனா விக்கப்போற?" என்று மான்சா கேலி செய்தாலும், வாசலைத் தாண்டவில்லை. "எனக்குப் பேய்னா பயம். நான் இங்கயே நிக்கிறேன்."

அராபா தனியாகவே போனாள். பெண்களை அடைத்து வைத்த நிலவறையின் நெடி, புகையிலேயே மூச்சு விட்டுப் பழகியவளுக்கும் தொண்டையை அடைத்தது. அடிமைகளைக் கப்பலுக்கு இறக்கிய, கடலைப் பார்த்த குறுகலான வாசலில் வந்து நின்று, செத்தவர்களுக்காகக் கொண்டுவந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்களப் புடிச்சுக் குடுத்தவன் எங்க குவாமினா. நான் அந்த வீட்டுப் பொண்ணு. அவன் கேக்கல, நான் கேக்குறேன். மன்னிச்சுடுங்க."

அங்கிருந்த வழிகாட்டி அதை மொழிபெயர்த்துச் சொன்னான். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் அருகில் வந்தார். கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீர் விடவும் இல்லை.

"மன்னிக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நீ சொன்னத காதுல வாங்கிக்கிட்டேன்" என்றார்.

எபோ சொன்னபடியே செய்தார், தங்கையை வீட்டுக்குள் விடவில்லை. அராபாவும் கெஞ்சவில்லை. மான்சாவின் கொல்லையில் சொந்தமாக அடுப்புக் கட்டி மீனுக்குப் புகை போட்டாள். வருஷம் தவறாமல் கோட்டைக்குள் போய்த் தண்ணீர் ஊற்றினாள். போன வருஷம் எபோவின் மூத்த மகள், அப்பாவிடம் சொல்லிவிட்டே அவளோடு வந்தாள்.