நேராகப் பாடிய கல்யாணம்

எங்கள் பைத் குழுவில் நாலு பேர். கல்யாண வீடுகளில் புகழ்ப்பாட்டுப் பாடுவோம். றபான் என்கிற கைப்பறையைத் தவிர வேறு வாத்தியம் கிடையாது. நாங்கள் பாடுவதில் ஒரு பாட்டின் கடைசி அடி என் பொறுப்பு. கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் மற்ற அடிகள் வெள்ளைக் கட்டைகளிலேயே நடக்கும். அந்த அடி மட்டும் வெள்ளை, கறுப்பு ஒன்றும் விடாமல், அரை அரைச் சுரமாகக் கீழே இறங்கும். அந்தக் கறுப்புக் கட்டைகள் பாட்டுக்குச் சொந்தமானவையே அல்ல. ஆனால் அவற்றை மிதித்தால்தான் சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள் நிமிர்வார்கள். ஏனென்று கேட்டால் எனக்கென்ன தெரியும்? அழப்போகிற ஆளின் குரல் அப்படித்தான் இறங்குகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் பழகும்போதெல்லாம் என் மகள் அந்த அடிக்குச் சரியாக வந்து கதவோரம் நிற்பாள். "எண்ட கலியாணத்திலயும் நீங்கதான் இதைப் பாடணும் வாப்பா" என்பாள். பாடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் பக்கம் மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் ஒதுங்க வேண்டும். வீட்டுக்குப் பின்வளவில் இரண்டு அறை எழுப்புவதற்குள் என் முதுகு போய்விட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள், சீமெந்துக் கையோடு நின்ற என்னிடம் சம்பந்தி வந்தார். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்பார்.

"காக்கா, பைத் பாடுங்க, நல்ல விசயம். ஆனா அந்த வளைச்சு இழுக்கிறதெல்லாம் வாணாம். சினிமாப் பாட்டு மாதிரிக் கிடக்கு. நேராப் பாடுங்க."

"ஓம், அதுக்கென்ன" என்றேன். பெரிய பாட்டுக்காரன்! வாயில் கொழுக்கட்டை.

மறுநாள் நேராகவே பாடினேன். கறுப்புக் கட்டைகளையெல்லாம் தாண்டி வெள்ளையில் போய் இறங்கினேன். ஒருவரும் நிமிரவில்லை. சோறு ருசியாம்.

பின்னேரம் எங்கள் மெத்தையைச் சுருட்டிப் பின்வளவுக்குத் தூக்கிப் போகும்போது மகள் கல்யாணச் சேலையோடு வந்து வழியில் நின்றாள்.

"அந்த இடத்தில ஏன் வாப்பா நேராப் போனீங்க?"

"ஒண்ட மாமனார் வாணாமெண்டார் மகள்."

"விடியலிருந்து அழுகையை அந்த இடத்துக்கெண்டுதான் அடக்கி வெச்சிருந்தன். இப்ப அழவும் வருகுதில்ல."

பாவம், சம்பந்தி மேல் பழியைப் போட்டுவிட்டேன். அவர் வாயே திறக்காதிருந்தாலும் நான் நேராகத்தான் பாடியிருப்பேன். அந்த அடியில் இறங்கினால் அத்தனை சனத்துக்கு முன்னால் உடைந்துபோவேனென்று பயந்து கிடந்தவன் நான். அதை அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

"போ மகள், மாப்பிள்ளை தனிய இருக்கார்" என்றேன்.