கடைசி பீஸ்

கடையில் அவளுக்கு டிவியக்கா என்று பெயர். இருபத்தொரு வருடமாகத் தொலைக்காட்சிப் பிரிவில் நிற்கிறாள். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர், கண் மங்கிய பிறகு மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் நர்சிங் இரண்டாம் வருடம். மொத்த வீடும் டிவியக்காவின் கால்களின் மேல் நிற்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வித்தை ‘கடைசி பீஸ்’. வாங்கலாமா வேண்டாமா என்று ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தால், “இருங்க, ஸ்டாக் இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்” என்று குடோனுக்குள் போக வேண்டும். உள்ளே கூரை முட்டப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் நின்று ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும். பிறகு லேசாக மூச்சு வாங்கியபடி வெளியே வந்து, “நல்ல நேரத்துல வந்தீங்க, கடைசி பீஸ்” என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னால் முகத்தில் திருட்டுத்தனம் தெரியும். அவள் சொன்னால் கவலை தெரியும். பத்தில் எட்டுப் பேர் அங்கேயே வாங்கிவிடுவார்கள்.

போன வருடத்திலிருந்து லாரி வருவது குறைந்துபோனது. நிறுவனத்தின் பதினாறு கிளைகளில் ஏழு மூடிவிட்டன. இங்கே இருபத்தாறு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர். அலமாரியில் காலிப்பெட்டிகளை அடுக்கி, முன்வரிசையில் மட்டும் சரக்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மூடிய கிளையில் வாஷிங் மெஷின் விற்றவள் போன மாதம் போன் செய்திருந்தாள். டிவியக்காவின் வயதுதான், நாற்பத்தெட்டு. வேலை கேட்டு ஒரு மொபைல் கடைக்குப் போயிருக்கிறாள். “பொண்ணுக்காகக் கேக்கறீங்களாம்மா?” என்று கேட்டார்களாம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். டிவியக்காவும் கூடச் சிரித்துவைத்தாள். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. வீட்டில் எதையும் சொல்லவில்லை.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து இன்னைக்கு ஒரு ஆள் வருவாங்களாம், கஸ்டமர் மாதிரி. ஆணா பொண்ணான்னு எனக்கே தெரியாது. எந்தக் கடையை வச்சுக்கறது, எதை மூடறதுன்னு பார்க்கத்தான். யாரும் ‘ஸ்டாக் இல்ல’ன்னு சொல்லக் கூடாது. ‘கடைசி பீஸ்’ங்கற பேச்சே கூடாது. கேட்டா, ‘குடோன்ல நிறைய இருக்கு’ன்னு சொல்லணும்.”

“குடோன்ல நானும் ரெண்டு பல்லியும்தான் இருக்கோம்,” என்றார் குடோன் அண்ணன்.

“அப்ப மூணு பீஸ்னு சொல்லிடலாம்,” என்றாள் பில் போடும் பெண். மேனேஜர் முறைத்தார்.

அதற்குப் பிறகு கதவு திறந்தபோதெல்லாம் டிவியக்கா ‘இந்த ஆளோ’ என்று உற்றுப் பார்த்தாள். பேட்டரி வாங்க வந்த அம்மாவுக்கு எழுந்து வழிவிட்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தாள். “ரெண்டு பேட்டரிதாம்மா வேணும்” என்று அந்த அம்மா மிரண்டுபோனாள். மழைக்கு ஒதுங்கிய ஒருவனுக்கு மூன்று டிவியை விளக்கிச் சொன்னாள். மதியத்துக்குள் ரிமோட் கையில் வழுக்க ஆரம்பித்தது.

மூன்று மணிக்கு ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். சட்டைப்பையில் அளவு டேப், கையில் மடித்த தாள். நாற்பத்து மூன்று அங்குல டிவி கேட்டார். சுவரில் மாட்டியிருந்தது ஒன்றே ஒன்று.

“இது ஒன்னுதானா?”

“ஐயோ, குடோன்ல நிறைய இருக்கு சார்.”

“அப்ப பெட்டி பிரிக்காதது ஒன்னு கொண்டாங்க. இது எத்தனை நாளா ஓடிட்டிருக்கோ.”

வேறு வழியில்லாமல் குடோனுக்குள் போனாள். வெறும் மரப்பலகைகள், சுருட்டிப்போட்ட பிளாஸ்டிக் நாடா, மூலையில் ஸ்டூலில் அண்ணன். ‘நாளைக்கு வீட்டுக்கே அனுப்பறோம்’ என்று சொல்லலாமா? அனுப்பச் சரக்கு எங்கே? இந்த ஆள்தான் அந்த ஆள் என்றால்? யோசித்துக்கொண்டே நின்றவள், தான் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. இருபது வந்தது. கால்கள் தாமாக நடந்தன. வெளியே வந்ததும் வாய் தானாகச் சொன்னது.

“நல்ல நேரத்துல வந்தீங்க சார், கடைசி பீஸ்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கேஷ் கவுண்டரில் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

வந்தவர் சிரித்தார். கடை முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

“பன்னெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி உள்ள போய் மூச்சு வாங்க வந்து இதையேதான் சொன்னீங்க. நம்பி வாங்கிட்டுப் போனேன். மறுநாள் பார்த்தா வாசல்லயே அடுக்கி வச்சிருந்தீங்க. இந்தத் தடவை ஏமாற மாட்டேன்மா. அவசரமே இல்ல, அடுத்த வாரம் வர்றேன்.”

விலை விசாரித்துப் போகிறவர்களுக்கான சீட்டில் போன் நம்பரை எழுதிக்கொடுத்தார். தன் தாளிலும் ஏதோ குறித்துக்கொண்டு போனார். பன்னிரண்டு வருடக் கதை நிஜமா? பொய்யாக வருகிற கஸ்டமர் கையில் ஒரு கதையும் கொண்டுவர மாட்டாரா? அந்தத் தாளில் என்ன எழுதினார்? தன் ஒரு வாயால் ஒன்பது பேர் பிழைப்பும் போய்விட்டதென்று நினைத்து, இரண்டு மணி நேரம் ஒரே டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து மணிக்கு மேனேஜரே அவளிடம் வந்தார்.

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன். ஆள் அனுப்பலையாம். இனிமேயும் இங்க அனுப்ப மாட்டாங்களாம்.”

“தப்பிச்சோம்,” என்றாள் பில் போடும் பெண்.

டிவியக்கா மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வைத்துக்கொள்ளலாமா என்ற சந்தேகம் இருக்கிற கடையைத்தான் வந்து பார்ப்பார்கள். காலையிலிருந்து இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றியது.

சீட்டை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தாள்.

“சார், டிவி கடையிலேர்ந்து. அது நிஜமாவே கடைசி பீஸ்.”

“விட மாட்டீங்க போல.”

“அடுத்த வாரம் வராதீங்க சார். வேணும்னா நாளைக்கே வந்துடுங்க.”

மறுபக்கம் சிரிப்பு நின்றது. “மூடப்போறாங்களா?”

அவள் சீட்டை நாலாக மடித்தாள்.

“அப்ப நீங்க எங்கம்மா போவீங்க?”

“லைன் சரியா கேக்கல சார்,” என்று வைத்துவிட்டாள்.

குடோனுக்குள் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். உதடுகள் அசைந்தன.

“என்ன டிவியக்கா, வெளிய கஸ்டமர் காத்திருக்காங்களா?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே.”

“அப்புறம் யாருக்காக எண்ணறீங்க?”