உங்க புள்ளை என்ன படிக்குதுங்க?

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். சேலம் – நாமக்கல் ரோட்டில் ஒரே வளாகத்துக்குள் மெக்கானிக்கல் டிப்ளமோ, கேட்டரிங், பி.பி.ஏ. என்று எல்லாம் வைத்திருக்கிறோம். ஒரு சரக்கு போணியாகாவிட்டால் இன்னொன்று ஆகட்டும் என்று தாளாளர் எங்களை ஜோடி ஜோடியாக அனுப்புவார். பி.பி.ஏ. வகுப்பெடுக்கும் எனக்கு வாய்த்த ஜோடி கேட்டரிங் துறைத் தலைவர் சபரிநாதன்.

புதுச்சத்திரம் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ள குடும்பம் அவருடையது. பிளஸ் டூ முடித்ததும் ஹோட்டல் மேனேஜ்மெண்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தார். அவருடைய அப்பா ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், ‘பையன் மேனேஜ்மெண்ட் படிக்கிறான்’ என்று சொல்லி ஹோட்டலை விழுங்கிவிட்டாராம். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் அடுப்படி, பிறகு சில வருடம் பயணிகள் கப்பல், அப்பா படுத்த படுக்கையானதும் ஊர். அப்படித்தான் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

பெண் தேடியபோது போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். “தோட்டம் இருக்குதுங்க, பண்ணை இருக்குதுங்க, மாப்பிள்ளை கரண்டி புடிக்கறாராமே” என்பார்களாம். கடைசியில் ஒரு தரகர் ‘காலேஜ் வாத்தியார்’ என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டதில் வித்யா அமைந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சபரிநாதன் வெங்காயம் அரிந்த வேகத்தைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்கு விஷயமே விளங்கியிருக்கிறது. “அன்னைக்கு ஒரு நாள் அழுதேனுங்க. அதுக்கப்பறம் வெங்காயத்துக்குன்னு நான் அழுததே இல்லைங்க” என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சபரிநாதன் பேச ஆரம்பித்தால் கேட்டரிங் வேண்டாம் என்கிற வீடும் காபி கொடுத்து உட்கார வைக்கும். கப்பல், வெளிநாடு, நட்சத்திர ஹோட்டல் என்று அள்ளி விடுவார். பக்கத்தில் நான் பி.பி.ஏ.வை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஆனால் எந்த வீட்டிலும் எழுந்து வரும் நேரத்தில் ஒரு கேள்வி வரும். “உங்க புள்ளை என்ன படிக்குதுங்க?” எங்கள் சீமையில் யார் சொல்வதையும் நம்புவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுவார்கள். இத்தனை வருடமாக, “இன்னும் ஸ்கூல்தானுங்க” என்று சொல்லித் தப்பித்து வந்தார்.

இந்த வருடம் மகள் தனப்பிரியா பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவள் கேட்டது கேட்டரிங். இவர் அவளுக்குப் பிடித்து வைத்திருந்தது ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட். திங்கட்கிழமை பணம் கட்டிவிட்டால் முடிந்தது. வீட்டில் அவள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மனிதருக்குப் பொய் சொல்ல வராது. கேட்ட வீட்டிலெல்லாம் “கம்ப்யூட்டர் சயன்ஸ்ங்க” என்றார். “அப்ப எங்க புள்ளைக்கு மட்டும் கரண்டிங்களா?” என்று அவர்கள் கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். ஒரு வீட்டில் காபியைப் பாதி குடிப்பதற்குள் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். “ஊரான் புள்ளைக்கு நல்லாருக்கறது உங்க புள்ளைக்கு மட்டும் கசக்குதுங்களா சார்? இத்தன வருசமா பொய்யா சொன்னீங்க?”

“பொய் இல்லைங்க மேடம். பாதிதான் சொன்னேன்” என்றார்.

மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவர் அவர். இடது கைப் பொத்தானைக் கழற்றி முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. கொதிக்கிற எண்ணெய் என்றார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்குக் கடைசியாகப் போனது சுப்பையன் என்பவர் வீடு. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்கிறவர்கள். மகள் சௌமியாவுக்குக் கேட்டரிங் படிக்க ஆசை. சபரிநாதன் வழக்கம்போல் கப்பலில் ஆரம்பித்தார். பாதியிலேயே சுப்பையன் கேட்டுவிட்டார்.

“ஏனுங்க சார், உங்க புள்ளைய எதுலீங்க சேத்தறீங்க?”

சபரிநாதன் கப்பலை விட்டுவிட்டார். மறுபடி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். “கேட்டரிங்தான் கேக்குதுங்க. நாந்தான் வேண்டாங்கறேன். இதைப் பாருங்க. காலைல நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கோணும். ஊரே தீபாவளி கொண்டாடும், நாம அடுப்புகிட்ட வெந்துக்கிட்டு இருப்போம். சின்னத் தப்புக்கும் தட்டு பறந்து வரும்.”

போச்சு, இந்தச் சீட்டும் போச்சு என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

சுப்பையன் மனைவி ஆத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கோழிக்குத் தீபாவளி தெரியுமுங்களா சார்? பொங்கலன்னைக்கும் தீவனம் போட்டு முட்டை பொறுக்கிட்டுத்தான் நாங்க பொங்க வெக்கறோம்.”

சௌமியா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “இத்தனையும் கேட்டியே சாமி, இன்னும் சேரோணும்னு இருக்குதா?” என்று சபரிநாதன் அவளைக் கேட்டார்.

“இருக்குதுங்க சார். நிக்கறது எங்களுக்குப் புதுசுங்களா?”

சுப்பையன் சபரிநாதன் பக்கம் திரும்பினார். “இதை உங்க புள்ளைகிட்டச் சொன்னீங்களாங்க?”

“இல்லீங்க.”

“என்னன்னு சொன்னீங்க?”

“வேண்டாம்னு மட்டும் சொன்னேனுங்க.”

 திரும்பி வந்து அவர் தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியபோது சட்டைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது, பொத்தானைப் போட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவர் அந்தப் பணத்தைக் கட்டவில்லை.

தனப்பிரியா கேட்டரிங்கில் சேர்ந்தாள், ஆனால் எங்கள் கல்லூரியில் இல்லை. “உங்ககிட்டப் படிச்சா என்னைய அடுப்புப் பக்கமே உடமாட்டீங்க” என்று சொல்லிவிட்டுச் சேலத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். தாளாளர் குதித்த குதி கொஞ்சமில்லை. எங்கள் கல்லூரிக் கேட்டரிங் வகுப்பில் முதல் வரிசையில் சௌமியா உட்கார்ந்தாள்.

அடுத்த மே மாதம் மறுபடி கிளம்பினோம். சபரிநாதன் அரைக்கைச் சட்டைக்கு மாறியிருந்தார். முதல் வீட்டிலேயே அந்தக் கேள்வி வந்தது.

“கேட்டரிங்தானுங்க.”

“உங்க காலேஜுங்களா?”

“இல்லீங்க, வேற காலேஜ்.”

“ஏனுங்க, உங்க காலேஜ் நல்லா இருக்காதுங்களா?”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் ஒலித்தது. தனப்பிரியா ஒரு படம் அனுப்பியிருந்தாள். புறங்கையில் விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு சூட்டுக் காயம். கீழே, ‘அப்பா, எனக்கும் வந்துருச்சு’ என்று எழுதியிருந்தாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அந்த வீட்டுக்காரரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லி வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார்.

“தண்ணியில புடிச்சியா சாமி?” என்று கேட்டார். “செரி. அப்ப போய் வேலையப் பாரு.”