குற்றாலத்தில் வைத்த கோடை முகாம்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என்னைப் போல வீட்டில் முதலில் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை தென்காசிப் பக்கம் ஒரே ஒரு கோடை முகாமுக்கு நிதி தந்து, இடத்தை என்னையே முடிவு செய்யச் சொன்னது. எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று குற்றாலத்தில் வைத்தேன். அந்த வருடம் பார்த்துச் சாரல் முன்னதாகவே வந்து, அருவியில் குளிக்கிற கூட்டமும் வந்துவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இடமில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் துண்டோடு அருவிக்கு ஓடிவிட்டார்கள். பிள்ளைகள் சேராவிட்டால் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார்கள்.

பதறிப்போய்ப் பண்பொழிக்கு ஓடினேன். பெயர் கொடுத்திருந்த மாணவி ஒருத்தியின் அம்மா சிரித்துவிட்டார்.

"குளிக்க வாற கூட்டத்துல பிள்ளைக எங்கன தம்பி பஸ் ஏறும்? நீங்க ஒத்த ஆளுதான, இங்கன வாங்களேன்!"

மறுநாளே முகாமை அவர்கள் தெருச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினேன். உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். நிதியும் தப்பியது.

இப்போதெல்லாம் ராயகிரி, ஆலங்குளம் என்று நேரில் போய், அம்மாக்களிடம் கேட்டுவிட்டுத்தான் முகாமுக்கு இடம் பார்க்கிறேன். குற்றாலத்துக்குக் குளிக்க மட்டும்தான் போகிறேன்.