தொட்டி வாயில் மாட்டிய சென்சார்

ஆலையில் அவரைக் கம்பி என்றால்தான் தெரியும். வயர் இழுக்கும் வேலையில் தொடங்கியவர். கம்பியே இல்லாத கருவிகளை மாட்டும் காலம் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. "வேலையில கம்பி போயிடுச்சு, பேருல போகல" என்று சிரிப்பான் மனைவியின் தம்பி. அவனும் அங்கேதான் பம்பு ஓட்டினான். வேலை வாங்கிக் கொடுத்ததே கம்பிதான்.

கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் பழுதாகி, புதியது வந்தது. அதே பெட்டி, அதே நிறம். தொட்டியின் வாயில் மாட்டியதும் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கண்ட்ரோல் ரூம் திரையில் வாயு அளவு பூஜ்யம். கம்பி கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

புதிய சென்சாருக்குள் இருந்த ரேடியோ வேறு அலைவரிசை. அது அனுப்புவதை வாங்கித் திரைக்குத் தர வேண்டிய கேட்வேயோ பழைய அலைவரிசையிலேயே காத்திருந்தது. சென்சார் எவ்வளவு கத்தியும் அதன் காதில் விழவில்லை. திரையில் நின்றது பழைய சென்சார் கடைசியாக அனுப்பிய பூஜ்யம்.

அடுத்த வாரம் பம்பு அடைத்துக்கொண்டது. மச்சினன் போன் செய்தான்.

"மாமா, உள்ள இறங்கணும். பூஜ்யம்னு காட்டுது. நம்பலாமா?"

"நான் மாட்டினதுதானேடா? தைரியமா இறங்கு."

இறங்கியவனைக் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள். உயிர் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து, கம்பி சென்சாரையும் கேட்வேயையும் கழற்றிப் பார்த்தார். ரேடியோ தகட்டில் பொடி எழுத்தில் அலைவரிசை அச்சிட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு. "பெட்டி ஒரே மாதிரி இருந்தா யாருக்குத்தான் தெரியும்? உங்க மேல தப்பில்லை" என்றார் இன்ஜினியர். கம்பிக்கு அந்தப் பேச்சு உள்ளே இறங்கவில்லை.

நடந்ததை வீட்டில் அவரே சொன்னார். மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"இறங்கச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு அற்றுப்போனது. சோறு வைப்பாள், எழுந்து போய்விடுவாள்.

கம்பி வேலையை விடவில்லை. புதிதாக எது வந்தாலும் திறந்து, ரேடியோவைக் கேட்வேயோடு ஒப்பிட்டார். சோதனை வாயுவைச் சென்சார்மேல் பிடித்து, திரையில் எண் ஏறுவதைக் கண்ணால் கண்டால்தான் நகர்வார். கூட இருப்பவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

ஒரு காலை அவர் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து மனைவியின் குரல்.

"இன்னிக்கு யாராவது உள்ள இறங்குறாங்களா?"

"ரெண்டு பேர் இறங்குறாங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை கதவருகே நின்றாள்.