முதலில் உட்கார்ந்தவர்

நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். வரலாறு படித்தவன் நான், ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவன். ஆவி, பேய் என்றால் எழுந்து போய்விடுவேன்.

கத்தாரில், தோஹாவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. வெள்ளிக்கிழமை லீவில் தொழில்பேட்டையில் கூலியாட்கள் தங்கும் கேம்ப்களுக்குப் போய், நம் ஆட்கள் பேசுவதை ரெக்கார்டரில் பதிவு செய்வேன். கம்பெனிக் காகிதத்தில் இவர்கள் வெறும் நம்பர். இவர்கள் வாயால் சொல்வதை யாராவது எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு இப்படி ஆட்கள் இருந்ததற்கே சாட்சி இருக்காது.

அப்படிக் கேள்விப்பட்டதுதான் செல்வராசு விஷயம். பேர்களை மாற்றியிருக்கிறேன். அரியலூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிற வேலை. ஒரு திங்கட்கிழமை காலை கட்டட சைட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டார். ஊருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, செய்தி போனது புதன்கிழமைதான். உடலை அனுப்ப எத்தனை நாளாகுமோ என்று கம்பெனி கைவிரித்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை அவரோடு வேலை செய்தவர்கள் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டமாக வேலையை நிறுத்தினால் அங்கே ஊருக்கு டிக்கெட்தான், தெரிந்தே உட்கார்ந்தார்கள். உடலைச் சீக்கிரம் அனுப்புகிறோம் என்று சாயங்காலம் கம்பெனி இறங்கி வந்தது.

ஆறு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது, வாய்மொழி வரலாறு சேகரிக்கிற எங்கள் வழக்கம் அது. முதலில் உட்கார்ந்தது யார் என்றதற்கு ஆறு பேரும் செல்வராசு என்றார்கள். முந்தின நாளே இறந்துவிட்டாரே என்றேன். கடைசியாகப் பேசிய மாரிமுத்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா சார். ஆனா அவன்தான் மொதல்ல ஒக்காந்தான். அதப் பாத்துட்டுதான் நாங்க ஒக்காந்தோம்."

துக்கத்தில் ஞாபகம் இப்படிக் குழம்பும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது அவர் மனைவி தனலட்சுமியைப் போய்ப் பார்த்தேன். வேலைநிறுத்தம் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் மூச்சு விடவில்லை, சத்தியமாக. கடைசியாக எப்போது பேசினார் என்று மட்டும் கேட்டேன். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிய நாள் என்றார். அது அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர் இறந்ததற்கு மறுநாள். எப்படி எழுதினாள் என்று மத்தியானம் போனில் விசாரித்தாராம்.

தேதியைக் குழப்பிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன பேசினார் என்றேன்.

"எப்பவும் பின்னால மெசினு சத்தத்துல அவரு பேசறதே கேக்காது சார். அன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல. ஏங்க இவ்ளோ அமைதியா இருக்குன்னு கேட்டேன். எல்லாரும் ஒக்காந்திருக்கோம், வந்துடறேன்னாரு."

அந்த சைட்டில் சத்தம் நின்றது அந்த ஒரு நாள்தான்.

அந்த அம்மா கேட்டார். "அவரு உசிரு எப்ப சார் போச்சு? அங்க யாராச்சும் சொன்னாங்களா?"

திங்கட்கிழமை காலை என்று அரபியில் போட்ட இறப்புச் சான்றிதழின் நகல் என் பையில் இருந்தது. தெரியாதும்மா என்றேன். பொய் சொல்கிறோமே என்று அன்றைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்போது அது பொய்தானா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.