ஆறு கட்டங்கள்

தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாசம் இன்றைக்கும் என் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். அலுவலகத்தில் யாராவது வெள்ளைப் பலகையில் எழுத எழுந்தால் நான் நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளிக்கொள்வேன். எனக்கு ஏதோ அலர்ஜி என்று கூட வேலை பார்ப்பவர்கள் நினைத்திருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். முப்பது வயது தாண்டிய பொம்பளை ஒரு பேனாவுக்குப் பயப்படுகிறாள் என்பதைவிட அது கௌரவமாக இருக்கிறது.

அச்சன்புதூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆம்பிளைகள் அரபு நாட்டில் இருந்தார்கள். என் வாப்பா அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். திரும்பிப் போகும்போது "பெட்டி கட்டுதது" என்று ஒரு வேலை உண்டு. ஊறுகாய், முறுக்கு, அங்கே அறையில் கூடத் தங்கியிருப்பவர்களுக்கான கருவாடு எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடைத்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, நான்கு பக்கமும் மார்க்கரால் பெயரையும் ஊரையும் எழுதுவார்கள். இந்த வேலை ஒருபோதும் எங்கள் வீட்டில் நடக்காது, பக்கத்துத் தெருவில் இருந்த மாமி, அதாவது வாப்பாவின் அக்கா வீட்டில் வைத்துத்தான் நடக்கும். ஏனென்றால் பயண நாளைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவின் வழக்கம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது கார் வரும், ஏறிப் புளியரை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விடுவார்கள். "சொன்னா நாலு நாளைக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிரும், சொல்லாட்டி ஒரு நாள் அழுகையோட போயிரும்" என்று மாமி சொல்வாள். அதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை, பாசம் என்றுதான் நினைத்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு நாள் காலையில் லீவில் வந்திருந்த வாப்பாதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார். சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, "சாயங்காலம் குற்றாலம் ஐந்தருவிக்குப் போவோம், துண்டெடுத்து ரெடியா இரி" என்றார். சாயங்காலம் ஓடிவந்து, பழைய பாவாடையை மாற்றிக்கொண்டு, பச்சைத் துண்டைத் தோளில் போட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். உம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "வாப்பா எங்க?" என்றதற்குக் கடைக்குப் போயிருக்காவ என்றாள், பிறகு பள்ளிவாசலுக்கு என்றாள், பிறகு இப்ப வந்துருவாவ என்றாள். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்தது. கழற்றிப் போட்டிருந்த பள்ளிச் சட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தபோது காலரில் அந்த மார்க்கர் வாசம் அடித்தது. காலையில் பொத்தான் போட்ட விரலில் இருந்து ஒட்டியது. மாமி வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூட மணி நேரம் நெருங்கினால் எனக்கு வயிற்றுவலி வரும். நான் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிடும் என்று என் புத்தியில் ஏறிவிட்டது. போனது ஒருவர், மிச்சம் இருந்தது உம்மா மட்டும். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "உம்மா, இருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒரு நிமிடம் நின்றால் கதவைத் தட்டுவேன். பள்ளிவாசலில் ஓதித் தந்த தண்ணீர் குடிக்க வைத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் தென்காசிக் குழந்தை டாக்டர், "வயித்துல ஒண்ணுமில்ல, மாடியில சனிக்கிழமை சனிக்கிழமை கவுன்சிலிங் மேடம் வருவாங்க, அவங்கள்ட்ட காட்டுங்க" என்றார். தெருவில் கேட்டவர்களிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னோம். பத்து மாதம் பல் பார்த்த ஒரே பிள்ளை அந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

அந்த மேடம்தான் ஜெயா மிஸ், பாளையங்கோட்டையில் இருந்து பஸ்ஸில் வருவார். எப்போதும் வியர்த்திருப்பார், எப்போதும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். வயிற்றுவலியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். தீப்பெட்டிகளை ஒட்டி நாங்கள் ஒரு வீடு கட்டினோம், லூடோ ஆடினோம். ஆட்டத்துக்கு நடுவே உம்மாவை அறையில் இருந்து வாசலுக்கு நகர்த்தினார், அடுத்த வாரம் படிக்கட்டுக்கு, அதற்கடுத்து கீழே காய்கறிக் கடைக்கு. "நாலரைக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போங்க. நாலரைக்கு வந்துரணும், ஒரு நிமிஷம் பிந்தக் கூடாது" என்று உம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்வார். உம்மா ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. கத்தரிக்காய்ப் பையோடு மூச்சு வாங்க ஏறிவரும் உம்மாவைப் பார்த்துப் பார்த்துத்தான் என் வயிறு மெல்ல அடங்கியது. அரை நாள் பள்ளிக்கூடம் போனேன், பிறகு முழு நாள்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மிஸ் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, பையைத் துழாவி, ஒரு மார்க்கரின் மூடியைத் திறந்தார். அந்த வாசம் வந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவர் வரிசையாக ஆறு கட்டம் போட்டார். "நஸீமா, நீ நல்லாயிட்ட. இன்னும் ஆறு சனிக்கிழமை நாம பாப்போம். ஒவ்வொரு வாரமும் நீயே ஒரு கட்டத்தைக் கோடு போட்டு அடி. ஆறாவதுதான் கடைசி." அவர் சொன்னதில் கடைசி என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

நல்லாயிட்டதால்தானே அனுப்புகிறார்கள், நல்லாகாமல் இருந்தால் அனுப்ப மாட்டார்களே என்று நான் கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன். அது நடிப்பு. புதன்கிழமை நிஜமாகவே வலித்தது; எது நடிப்பு எது வலி என்று எனக்கே தெரியாமல் போனதில் இன்னும் பயந்தேன். சனிக்கிழமை உம்மா மாடியேறியதும் ஏறாததுமாக, "கடைசின்னு சொன்னதுதான் மேடம் தப்பாப் போச்சி. சொல்லாமலே நிப்பாட்டியிருக்கலாம். அழுதா நான்தானே பாக்கணும்" என்றாள். "சொல்லாமப் போறதுதானம்மா அவளுக்கு வந்த நோவே" என்றார் மிஸ். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "வயிறு வலிச்சாலும் ஆறுதான். வலிக்காட்டியும் ஆறுதான். எனக்காக நீ வலிய வரவழைக்க வேண்டாம்" என்றார். என் குட்டு உடைந்துபோன வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

நடுவில் ஒரு வாரம் மிஸ் வரவில்லை. அவர் மகனுக்குக் காய்ச்சல், போன் வந்தது என்று கீழே டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. கடைக்குப் போயிருக்காவ என்பதைப் போல இதுவும் ஒன்று என்றே நினைத்தேன். அந்த ஏழு நாளும் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மிஸ் நனைந்த குடையோடு வந்து, முதல் வேலையாகத் தாளை விரித்து, "வரமுடியாதுன்னு நானே உன்கிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான். அந்த வாரத்துக்கு நாம கட்டம் அடிக்க வேண்டாம்" என்றார். ஒரு பெரிய ஆள் என்னிடம் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறாவது கட்டத்துச் சனிக்கிழமை விடிந்ததில் இருந்து மழை. அருவிக்கு வந்த கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. "நல்லாத்தானே இருக்க. இன்னைக்கு ஒரு நாள் போகாட்டி என்ன, இப்படியே விட்டுருவோம்" என்றாள் உம்மா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். "நான் போவணும்" என்றேன். போகவும் பயம், போகாமல் அந்தக் கட்டம் வெறுமனே கிடக்கும் என்பதும் பயம். இரண்டாவது பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. உம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

உம்மா வழக்கம்போலக் காய்கறிக் கடைக்குப் போன பிறகு நாங்கள் லூடோ ஆடினோம். நான் தாயக்கட்டையைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி ஆனது. "தண்ணி குடிச்சிட்டு வாரேன் மிஸ்" என்று எழுந்தேன். தண்ணீர்ப் பானையைத் தாண்டிப் படியிறங்கி, தெருவுக்கு வந்து, எதிரே மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். சாரல் முதுகில் அடித்தது. அவர் போகுமுன் நான் போய்விட வேண்டும், அந்தக் கடைசி நிமிஷத்து முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் மனசில் இருந்தது. எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடவில்லை. பிடித்திருந்ததால்தான் கால் இறங்கி ஓடியது. அப்படி நிற்கும்போதுதான் வாப்பாவின் விரல் ஞாபகம் வந்தது. பொத்தானைப் போட்டுவிட்ட அந்தக் கை அன்றைக்கு நடுங்கியிருக்குமோ என்று முதல் தடவையாக நினைத்தேன்.

மிஸ் மாடி வராந்தாவின் கம்பிக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத கலக்கம் இருந்தது; வாசற்படியில் துண்டோடு உட்கார்ந்திருந்த என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். வண்டிக்குப் பின்னால் என் ரிப்பனைக் கண்டுவிட்டார். கூப்பிடவில்லை. வந்து மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு படியாக ஏறிப் போனேன்.

"எங்க போன?"

"இங்கனதான்."

"எதுக்கு?"

"ஒங்க மூஞ்சியப் பாக்கப் பயமா இருந்துச்சி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

நான் கேட்டேன், "வாப்பாவும் பயந்துக்கிட்டுதான் சொல்லாமப் போனாவளா?"

"அது எனக்குத் தெரியாது நஸீமா. வந்தா நீயே கேளு."

உள்ளே போய் மார்க்கரை என் கையில் கொடுத்தார். ஆறாவது கட்டத்தை அடித்தேன். அந்தக் கோடு தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது. "இனிமே சனிக்கிழமை நாம பாக்க மாட்டோம். நான் உன்ன நெனச்சிக்கிடுவேன். ரொம்பப் பயம் வந்தா டாக்டர்ட்ட சொல்லு, எனக்குச் சொல்லுவாங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நாலரைக்கு உம்மா வரும்வரை நான் அழுதேன். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உம்மாவும் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவளிடமும் யாரும் எதையும் சொல்லிவிட்டுப் போனதில்லையோ என்னவோ.

அடுத்த லீவில் வாப்பா வந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன். "நீ அழுதா நான் கார்ல ஏற மாட்டம்ட்டி. அதான்" என்றார். கடைசி நாளில் மிஸ் என்னிடமே கொடுத்துவிட்ட அந்த ஆறு கட்டத் தாளைக் கொண்டுவந்து காட்டினேன். மாமி தலையில் அடித்துக்கொண்டாள், தெருவே உம்மாவை ஏசியது. ஆனாலும் கடைசி ஆறு நாளுக்கு ஆறு கட்டம் போட்டோம். ஐந்தாவது நாள் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் உம்மாவோடு நிற்கும்போது, ஆண்கள் பக்கம் போன வாப்பா அப்படியே போய்விடுவாரோ என்று எனக்குக் குளிக்கவே ஓடவில்லை. கூட்டத்துக்கு மேலே ஒரு கை சிவப்புத் துண்டை உயர்த்தி உயர்த்திக் காட்டியது. மறுநாள் கார் வந்தபோது வாப்பா அழுத அழுகையில் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டார். பார்க்க நல்லாயிருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போனேன், வயிறு வலிக்கவில்லை.

இப்போது அந்த மாடி அறையில் செல்போன் உறை விற்கிறார்கள். ஜெயா மிஸ் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பெயரெழுதிய அட்டைப் பெட்டிகளையும் காணோம், சக்கரம் வைத்த சூட்கேஸ்கள் சத்தம் போட்டுக்கொண்டு தெருவில் உருள்கின்றன. நானும் கணவரும் சென்னையில் ஆளுக்கொரு ஷிஃப்டில் வேலை பார்ப்பதால் ஐந்து வயது மகன் ஆதில் ஊரில் உம்மா வாப்பாவோடு இருக்கிறான். போன பெருநாள் லீவு முடிகிற சமயம் உம்மா என் காதோடு, "அவன் டியூஷன் போயிருக்கும்போது கெளம்பிரு. பச்சப்புள்ள, தாங்க மாட்டான்" என்றாள். அந்தக் கதவருகில் அழுத அதே உம்மா. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஒரு நிமிஷம் நானும் அவன் டியூஷன் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன்.

பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மார்க்கரைத் திறந்து, தாளில் நாலு கட்டம் போட்டு, ஆதிலை மடியில் வைத்து, நாலு நாளில் நான் சென்னைக்குக் கிளம்புவதைச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே அவன் அழுதான். முதல் கட்டத்தை அவனை அடிக்க வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வாப்பா, இப்போது எங்கேயும் போகாமல் வீட்டோடு இருக்கிறவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு தாள் போட்டுக் குடுட்டி" என்றார்.